பாய்லர் மாடியில், என்ஜின் கீழ்வீட்டில்

பொங்கல் மலருக்கு என் தொழிலைப் பற்றி எழுதித் தரும்படி கல்கத்தா தமிழ்ச் சங்கத்தில் கேட்டார்கள். கேட்டவர்கள் நியூ டவுனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள். "அங்கிள், உங்களப் பத்தி நெட்ல ஒண்ணுமே இல்லையே" என்றார்கள். நெட்டில் போட்டுத் தேட நான் என்ன காணாமல் போன ஆளா? பாலிகஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் "பொம்மை ரயில் மிஸ்திரி எங்கே" என்று கேளுங்கள். என் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

அதிலும் ஒரு சின்னத் தப்பு உண்டு. நான் பார்த்தது ரயில் மட்டும் இல்லை. நீராவியில் ஓடுகிற பொம்மை எதுவாக இருந்தாலும் பார்த்தேன். ரோட் ரோலர், படகு, மரமறுக்கும் பட்டறை, பலகையில் பூட்டி ஒரே இடத்தில் நின்று சுற்றும் என்ஜின், எல்லாம். பொம்மை என்றதும் சாவி கொடுக்கிற சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். பித்தளை பாய்லர், உள்ளே நிஜத் தண்ணீர், அடியில் ஸ்பிரிட் விளக்கு. தண்ணீர் கொதித்தால் நிஜ நீராவி வரும், சுண்டுவிரல் பருமன் சிலிண்டருக்குள் பிஸ்டன் போய்வரும், சக்கரம் சுற்றும். பெரிய என்ஜினில் என்னென்ன உண்டோ அத்தனையும் இதிலும் உண்டு, கையைச் சுட்டுக்கொள்வது உட்பட. வெள்ளைக்காரக் கம்பெனிகள் இருந்த ஊர் இது. துரைமார்கள் கப்பலேறும்போது பிள்ளைகளின் பொம்மைகளை ஆபீசில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதனால் கல்கத்தாவின் பழைய வீடுகளில் பரண் மேல் தூங்கும் என்ஜின்களுக்குக் கணக்கே கிடையாது. அவற்றைச் சேர்த்து வைக்கும் கிறுக்கர்களும் இங்கே நிறைய. அந்தக் கிறுக்கர்களுக்கு டாக்டர் நான்.

படிப்பு அஞ்சாம் கிளாஸ். அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. மாமாவோடு ரயிலேறி இங்கே வந்து, லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தேன். மெஸ்ஸின் பம்ப் ஸ்டவ் அடிக்கடி மக்கர் செய்யும். நான் அதைப் பிரித்து, வாஷருக்குப் பழைய செருப்புத் தோலை வெட்டிப் போட்டு எரிய வைத்தேன். அன்று இட்லி சாப்பிட வந்திருந்த ஹரிபாபு, கையில் சட்னியோடு எழுந்து வந்து ஸ்டவ்வைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுவாரம் நான் அவர் பட்டறையில் இருந்தேன். இந்தியாவிலேயே இட்லிக் கடையிலிருந்து நேராக என்ஜின் பட்டறைக்குப் போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இல்லை என்பவர் ஆதாரத்தோடு வரட்டும்.

ஹரிபாபுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெலிந்த ஆள், வெள்ளை வேட்டி, மூக்குப்பொடிக் கறை படிந்த ஜிப்பா. வங்காள மொழியில் மரியாதை கொடுத்து "ஆப்னி" என்பார்கள், நம் "நீங்கள்" மாதிரி. சின்னவர்களுக்கு "துய்", நம் "நீ"யைவிட ஒரு படி கீழே. ஹரிபாபு எங்களுக்கெல்லாம் துய் போடுவார். என்ஜின்களுக்கு ஆப்னி. "நீங்கள் ரொம்பக் களைத்திருக்கிறீர்கள், சற்று இப்படிச் சாயுங்கள்" என்று ஒரு ரோட் ரோலரிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் என்னை "அடேய் கழுதை, மண்ணெண்ணெய் எங்கேடா" என்பார். அவருக்கு மூங்கில் குச்சிதான் ஸ்டெதாஸ்கோப். ஒரு முனையைச் சிலிண்டரில் வைத்து மறுமுனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். பிஸ்டன் எங்கே உரசுகிறது என்று பல் சொல்லிவிடும். நானும் அப்படித்தான் கேட்பேன். எனக்கு இன்றும் எல்லாப் பல்லும் கெட்டியாக இருப்பது அதனால்தான் என்பது என் எண்ணம்.

அவர் பட்டறையில் முறை என்று சில இருந்தன. என்ஜின் வந்ததும் கை வைக்கக் கூடாது. முதலில் கொண்டுவந்தவரை உட்கார வைத்து, யார் ஓட்டினார்கள், கடைசியாக ஓடியபோது என்ன சத்தம் வந்தது, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கதை கேட்க வேண்டும். பாதி நோய் கதையிலேயே தெரிந்துவிடும். பிறகு சிலிண்டரை மண்ணெண்ணெயில் ஊறப் போட வேண்டும். பழைய எண்ணெய் உள்ளே பிசினாக இறுகிக் கிடக்கும். அதுவாக விடும்வரை காத்திருக்க வேண்டும், திருகினால் போச்சு. பாய்லரைச் சோதிக்க நீராவியை ஏற்றக் கூடாது, பச்சைத் தண்ணீரைத்தான் பம்பால் அழுத்தி ஏற்ற வேண்டும். பாய்லர் விரிசல் விட்டாலும் தண்ணீர் சும்மா ஒழுகும். நீராவி என்றால் முகத்தில் வந்து பேசும். புதிதாக ஏதாவது செய்து சேர்த்தால் அது புதுசாகவே தெரிய வேண்டும், அழுக்குப் பூசிப் பழசு மாதிரி ஏமாற்றக் கூடாது. பழைய பாகம் உலகத்தில் எங்காவது இருக்கிறது என்றால் புதியது செய்யவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் தீ சொந்தக்காரர் கையால்தான் வைக்க வேண்டும். மிஸ்திரி தீக்குச்சியைத் தொடக் கூடாது.

ஒரு முறையை மட்டும் அவர் எனக்குச் சொல்ல மறந்துவிட்டார். சேர்ந்த புதிதில் ஒரு பாய்லர் கருத்துப் போய்க் கிடந்தது. மெஸ் பழக்கத்தில் புளியும் சாம்பலும் வாங்கி வந்து தேய்த்தேன். கோவில் குத்துவிளக்கு தோற்றது போங்கள். ஹரிபாபு வந்தார். பார்த்தார். அந்தக் கருப்புதான் அதன் வயதாம், அதன் மேல் இருந்த மெல்லிய வார்னிஷ் அதைச் செய்த ஜெர்மன்காரன் பூசியதாம், சேகரிப்பவர்கள் அதைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்களாம். என்னைத் திட்டவே இல்லை. பாய்லர் முன்னால் கைகூப்பி நின்று, "மன்னித்துவிடுங்கள். இவன் மதராஸிலிருந்து வந்தவன். உங்களைச் சாம்பார் பாத்திரம் என்று நினைத்துவிட்டான்" என்றார். பட்டறையே சிரித்தது. என்ன சிரித்தாலும் இன்றும் சொல்கிறேன், அந்தப் பளபளப்பு மாதிரி கல்கத்தாவில் யாரும் கொண்டுவந்து காட்டியதில்லை.

ஹரிபாபு வயதாகி மகள் வீட்டோடு போனபோது பட்டறையை என்னிடம் விட்டுப் போனார். அதன் பிறகு நான் உயிர் கொடுத்த என்ஜின்கள் எத்தனையோ. அதில் இப்போதும் நினைத்தால் சிரிப்பு வருவது ஒன்று.

ஒருநாள் டாக்சியில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார். ராஜகோபாலன் என்று பெயர், பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகப் பாலிகஞ்சில் இருக்கும் குடும்பம். தலையணை உறையிலிருந்து ஒரு பாய்லரை எடுத்து மேசையில் வைத்தார். அருமையான சாமான். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி, விசில், அடியில் இரண்டு திரி போட்ட ஸ்பிரிட் விளக்கு எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் என்ஜின் பாதியைக் காணோம். நீராவி போகும் செம்புக் குழாய் பாதியில் அறுந்து நின்றது.

"எங்கப்பாவுக்கு அவர் துரை குடுத்தது" என்றார். "ஞாயித்துக்கிழமையானா அப்பா இதை ஓட்டிக் காட்டுவார். என்ஜின் தொலைஞ்சு போயிடுத்து. அதே மாதிரி ஒண்ணு பண்ணித் தரணும், முருகேசன்."

"எப்படி சார் தொலைஞ்சுது?"

"தொலைஞ்சுது. அவ்வளவுதான்."

வாங்கி வைத்தேன். சில வாரம் கழித்து இன்னொருவர் வந்தார், சந்தேஷ் இனிப்பு வாங்கிய அட்டைப்பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு. பெயர் வெங்கடேசன். சால்ட் லேக்கில் சர்க்கார் ஆபீசில் இருந்தவராம். பெட்டிக்குள் பலகை, சிலிண்டர், சிவப்புச் சாயம் பூசிய சக்கரம், அதோடு அறுந்த ஒரு செம்புக் குழாய். சக்கரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் மாற்றி ஓட்டுகிற சின்ன நெம்புகோல் தனியாகக் கழன்று ஒரு டப்பிக்குள் இருந்தது.

"முருகேஷ்-தா" என்றார், வங்காளிகள் அண்ணன் என்று கூப்பிடுவது போல. "இதுக்கு ஒரு பாய்லர் பண்ணணும். பழைய பாய்லரைக் காயலான்கடைக்காரன் எடுத்துண்டு போயிட்டான்."

குழாய் வெட்டைப் பார்த்தேன். ரம்பம் பிடிக்கத் தெரியாத யாரோ சாய்வாக, பல் பல்லாக அறுத்திருந்தார்கள். அந்தச் சாய்வை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அட்ரஸ் கேட்டேன். அதே தெரு, அதே வீட்டு நம்பர். பெரியவர் மாடி, இவர் கீழ்வீடு.

"மாடியில யாரு சார் இருக்காங்க?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"யாரோ வயசானவர். பழக்கமில்லை."

அவர் போனதும் இரண்டு குழாய் முனைகளையும் ஒட்டிப் பார்த்தேன். உடைந்த அப்பளம் சேர்வது மாதிரி சேர்ந்தன. அடுத்த தடவை பெரியவர் வந்தபோது, கீழ்வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். "கீழயா? ஏதோ ஒரு குடும்பம்" என்றார். மூக்கு, நெற்றி, பொய் சொல்லும்போது கண்ணாடியைத் துடைப்பது எல்லாம் இருவருக்கும் ஒன்று. கூடப் பிறந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மூங்கில் குச்சி தேவைப்படவில்லை. தெருமுனை மருந்துக் கடையில் விசாரித்ததில் மீதியும் தெரிந்தது. அப்பா போன பிறகு பாகப்பிரிவினை. எல்லாம் சரிபாதி ஆகி, இந்த ஒன்றுதான் மிஞ்சியது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அறுத்தார்கள். மாடியும் கீழும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

பழைய பாகம் எங்காவது இருந்தால் புதியது செய்யக் கூடாது என்பது முறை. இங்கே இரண்டு பாகமும் என் மேசையிலேயே இருக்கின்றன. இருவரிடமும், "கிடைக்கும் சார், நான் பாத்துக்கறேன்" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சிலிண்டரை ஊறப் போட்டேன், பாய்லரைத் தண்ணீரில் சோதித்தேன், அறுந்த இடத்தில் செம்பு உறை ஒன்றைக் கடைந்து மாட்டி வெள்ளிப் பற்று வைத்தேன். அந்த உறை மட்டும் புத்தம் புதுசாக மின்னியது. மின்னட்டும் என்று விட்டேன். அது முறை. கடைசியாக, டப்பியில் இருந்த நெம்புகோலைப் பூட்டினேன்.

விஸ்வகர்மா பூஜை வந்தது. நம் பக்கத்து ஆயுத பூஜை போல, ஆனால் இங்கே புரட்டாசி பிறக்கிற சமயம். தொழில்காரன் அன்று ஆயுதத்தைத் தொடமாட்டான். சுத்தியல், ரம்பம், திருப்புளி எல்லாம் கழுவிக் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் படுத்திருக்கும். ஆகாயம் முழுக்கக் காற்றாடி. எவன் நூலாவது அறுந்தால் மொட்டைமாடிகளில் "போ-காட்டா" என்று கூச்சல் கிளம்பும். எங்கள் பட்டறையில் அன்றுதான் முதல் தீ. வேலை முடிந்த என்ஜின்களின் சொந்தக்காரர்கள் வந்து, ஏற்றி, ஓட்டிப் பார்த்து எடுத்துப் போவார்கள். சகோதரர்கள் இருவரையும் அன்றைக்கே வரச் சொன்னேன்.

பெரியவர் முதலில் வந்தார். முழுசாக நிற்கும் என்ஜினைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கிட்டே போனார். சக்கரத்தின் சிவப்புச் சாயத்தில் ஒரு வெட்டு இருந்தது. அதை விரலால் தடவினார். முகம் சுருங்கியது.

"இந்தச் சக்கரம் உமக்கு எங்க கிடைச்சுது?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு சின்னவர் நின்றார்.

பக்கத்து மொட்டைமாடியில் யாரோ "போ-காட்டா" என்றார்கள்.

"முருகேசன்" என்றார் பெரியவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "என் பாய்லரை வெட்டிக் குடுத்துடுங்கோ."

"முருகேஷ்-தா" என்றார் சின்னவர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "வெட்டறச்சே என் பக்கம் குழாய் குறையாம இருக்கணும். போன தடவை என் பங்கு சின்னதாயிடுத்து. அவர்கிட்ட சொல்லுங்கோ."

"யார் அறுத்தாங்கறதையும் சொல்லச் சொல்லுங்கோ."

"சார்" என்றேன் இருவருக்கும் பொதுவாக. "வெட்டறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா ரம்பம் பொட்டு வச்சுச் சாமிகிட்ட இருக்கு. இன்னிக்கு எந்த ஆயுதத்தையும் தொடமாட்டேன். நாளைக்கு வாங்க, என் கையாலயே வெட்டித் தரேன். இன்னிக்கு முதல் தீ மட்டும் வச்சுட்டுப் போங்க. இல்லேன்னா பூஜை முடியாது."

பூஜை முடியாது என்றதும் இருவரும் தயங்கினார்கள். இத்தனை வருஷம் கல்கத்தாவில் இருந்துவிட்டு விஸ்வகர்மாவைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் முதல் தீயைச் சொந்தக்காரர் வைக்க வேண்டும். இருவரில் யார்? விளக்கில் திரி இரண்டு இருந்ததால் தப்பித்தேன். ஆளுக்கு ஒரு தீக்குச்சி கொடுத்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கு ஒரு திரி ஏற்றினார்கள்.

வாசல் காற்று தீயை ஆட்டியது. மேசையைச் சுவரோரத்திலிருந்து அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டேன். பாய்லர் முனக ஆரம்பித்தது. வால்வில் ஒரு சீறல். நான் சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். சிலிண்டர் முதலில் வெந்நீரைத் துப்பியது. அப்புறம் சக், சக், சக் என்று பிடித்துக்கொண்டது. என் வேலையில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஓட்டம் அப்படி ஒரு வழுவழுப்பு.

"தப்பா சுத்தறது" என்றார் பெரியவர்.

"சார், என்ன தப்பு?"

"கடிகார முள் மாதிரி சுத்தணும். அப்பா அப்படித்தான் ஓட்டுவார்."

நெம்புகோலை மறுபக்கம் தள்ளினேன். சக்கரம் நின்று, திரும்பி, கடிகார முள் மாதிரி சுற்றியது.

"இப்பத்தான் தப்பு" என்றார் சின்னவர். "முன்னாடி சுத்தினதுதான் சரி. அவருக்கு ஞாபகம் போயிடுத்துன்னு சொல்லுங்கோ."

"எனக்கா? அப்பா பக்கத்துலயே உக்காந்து பாத்தவன் நான்."

"நான் மட்டும் என்ன தெருவுலயா உக்காந்திருந்தேன்?"

நெம்புகோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. கொஞ்ச நேரத்தில் அதைத் தள்ளுகிற கை என்னுடையதாக இல்லை. ஒருவர் தள்ள, மற்றவர் திருப்பித் தள்ள, நடுவில் என்ஜின் பாவம் விழித்தது. கண்ணாடியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வறண்டு போனால் பாய்லரின் ஈயப் பற்று உருகி விட்டுவிடும். அப்புறம் நாளைக்கு ரம்பமே வேண்டாம்.

"சார், தண்ணி இறங்குது" என்றேன். யார் கேட்டார்கள்?

"பொய் சொல்லாதே புல்டு" என்றார் பெரியவர்.

சின்னவருக்கு அக்கம்பக்கத்து வங்காளிகள் வைத்த செல்லப் பெயர் அது என்று அப்போதுதான் தெரிந்தது. வாயில் வந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியவில்லை.

"நீ எப்பவுமே இப்படித்தான் தாதா. நீ சொன்னா அதுதான் சரி" என்றார் புல்டு. அண்ணனை தாதா என்பதுதான் இங்கே வழக்கம். "என்னவோ பண்ணிக்கோ. என் பாதியை நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

கோபத்தோடு நகர்ந்தவர் வெளியே போகவில்லை. மழை பிடித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் போய், நான் குனிந்து வேலை செய்யும் குட்டை முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மோவாய் மேசை விளிம்பு உயரத்துக்கு வந்தது.

பெரியவர் ஜெயித்த தெம்பில் நெம்புகோலைத் தன் பக்கம் தள்ளினார். "இதோ. இதுதான் அப்பா ஓட்டினது."

சின்னவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாதா."

"என்ன?"

"இதான். இப்ப சரியா சுத்தறது."

"அதைத்தானேடா நான் அப்பலேருந்து சொல்றேன்."

"இல்லை. நான் சொன்ன மாதிரிதான் சுத்தறது. கடிகாரத்துக்கு எதிரா."

பெரியவர் சக்கரத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார். "ஓட்டறச்சே நீ எங்க உக்காருவே?"

"எனக்கென்ன ஞாபகம். நாலு வயசு."

"எதிர்ப் பக்கம்" என்றார் பெரியவர். "தீ சுட்டுடும்னு அம்மா உன்னை எதிர்ப் பக்கம்தான் உக்கார வெப்பா. மோவாயை மேசைல வச்சுண்டு பாப்பே."

சொல்லிவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு போனார். முட்டியைப் பிடித்துக்கொண்டு தம்பியின் பக்கத்தில் குனிந்தார். எதிர்ப்புறமாகச் சுற்றும் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் பக்கத்துலேருந்து வேற என்ஜின் மாதிரின்னா இருக்கு" என்றார்.

நான் விளக்கை ஊதி அணைத்தேன். கண்ணாடியில் தண்ணீர் அடியில் ஒரு கோடாகத்தான் இருந்தது. இருவரும் ஒரே சமயத்தில் என்னை முறைத்தார்கள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரீங்க சார், வெட்டிக்க?" என்று கேட்டேன்.

"நீர் சும்மா இரும்" என்றார் பெரியவர். "தண்ணி ஊத்தும். இன்னும் ஒரு தடவை ஓட்டணும்."

அன்று மழை விடும்வரை ஓட்டினார்கள். போகும்போது ஒரே டாக்சியில் போனார்கள். என்ஜினை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று டாக்சிக்காரர் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் தேங்கியிருந்த பேச்சு, ஒரு வழியாக வெளியே வரத்தானே வேண்டும்.

இதை என் தொழிலில் பெரிய வெற்றி என்றே எழுதுகிறேன். அண்ணன் தம்பியைச் சேர்த்தது யதேச்சை என்று என் மனைவி சொல்வாள். மேசையை நடுவில் இழுத்துப் போட்டது யார்? சுவரோரமாகவே இருந்திருந்தால் எதிர்ப் பக்கம் என்று ஒன்று ஏது? காற்றுக்காகத்தானே இழுத்தீர்கள் என்பாள். எதற்காக இழுத்தால் என்ன, இழுத்த கை என்னுடையது.

போன வருஷம் நான் பட்டறையை மூடிவிட்டேன். இப்போது என்ஜினைக் கொண்டுவராமல் வீடியோவை அனுப்பி, பார்த்தே சொல்லுங்கள் என்கிறார்கள். போனில் எங்கே மூங்கில் குச்சியை வைப்பது? ஆனாலும் அந்தப் பாலிகஞ்ச் வீட்டுக்கு மட்டும் கூப்பிட்டால் போகிறேன். என்ஜின் மாடியிலும் இல்லை, கீழேயும் இல்லை. மாடிப்படி பாதியில் திரும்பும் இடத்தில் ஒரு சின்ன மேசை போட்டு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுவார்கள். போன வாரம் போனபோது இருவரும் உர்ரென்று நின்றார்கள். என்ஜினுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிவிட்டேன். அதற்கு ஒன்றும் இல்லை. முக்காலி ஒன்றுதான் இருக்கிறதாம். எதிர்ப் பக்கம் உட்கார இருவருக்கும் ஆசையாம். யாருக்கு என்று நான்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

பின்னே, என்னைவிட்டால் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?